தளர்ந்த கையும் தேயிலை மலையும்

இலங்கையின் நடு மலைநாட்டிலே, நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், பொகவந்தலாவை ஆகிய பகுதிகளினூடே பயணஞ் செய்வோர், மலைச்சரிவுகளிலே கூடை சுமந்து நிற்கும் பெண்களின் இரு கைகளும் தேயிலைச் செடியின்மீது ஓயாது இயங்குவதைக் கண்டிருப்பர். முற்றிய இலையை விலக்கி, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகத் தேர்ந்து ஒடித்து, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடையில் எறியும் அச்செயல் பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. தோள் உயர்தல், முழங்கை நீளுதல், மணிக்கட்டுத் திரும்புதல், பெருவிரலும் சுட்டுவிரலும் கூடுதல் ஆகிய அத்தனையும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றிக் கொழுந்து கைக்கு வாராது. ஒரு நாள் வேலைக்குரிய பதிவைத் தோட்டத்தில் 'பேர்' என்பர்; குறைந்த வேலைக்கு 'அரைப்பேர்' என்பர். கை உள்ளவரையில் பேர் உண்டு. கை தளர்ந்தார்க்குப் பேர் இல்லை.

அக்கையைத் தளர்விக்கும் நோய்களுள் முதன்மையானது பாரிசவாதம். அதனைப் பக்கவாதம் எனவும், பாரிசவாயு எனவும் வழங்குவர். தோட்டத்து மக்கள் 'கைகால் விழுந்துவிட்டது' என்பர். இந்நோயினால் விழுந்த கையை மீண்டும் எழச் செய்யலாமா என்னும் வினாவுக்கு மனித அறிவு நெடுங்காலமாக விடை தேடி வந்துள்ளது. அவ்வரலாற்றையும், அவ்விடை நம் மலைநாட்டு மக்களை எந்த அளவிற்கு எட்டியுள்ளது என்பதையும் ஒருசேர நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட நோய்

பாரிசவாதம் புதிய நோயன்று. கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப்படும் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள் இதனைக் கூறுகின்றன; கடுமையாக வந்தது தீராது என்பதே அக்காலத்தார் கொள்கை. மூளையின் ஒரு பக்கம் பழுதுற்றால் உடலின் மறுபக்கம் செயலிழப்பதன் காரணத்தை, நரம்புகள் குறுக்கே கடந்து செல்கின்றன எனக் கூறி விளக்க முயன்றவர் கப்பதோக்கியா நாட்டு மருத்துவர் அறெத்தேயு ஆவர். எனினும், நோயின் மூலம் மூளையின் குருதிக் குழாய்களிலே உள்ளது என்பது பிணங்களை அறுத்து ஆராய்ந்த பின்னரே தெளிவாயிற்று. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் யாக்கோப் வெப்பர் 1658 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, மூளையினுள் குருதி கசிதலும் குழாய் அடைபடுதலும் இந்நோய்க்குக் காரணமாதலைக் காட்டினார். இற்றைக்கும் மருத்துவர்கள் பாரிசவாதத்தை இவ்விரு வகையாகவே பிரிக்கின்றனர்.

நம் நாட்டு மருத்துவமும் வாளா இருக்கவில்லை. ஆயுள்வேதம் இந்நோயைப் பட்சாகாதம் என்று வகுத்துரைத்தது. சித்த மருத்துவம் இதனை வாத நோய்களுள் அடக்கித் தைலமும் ஒற்றடமும் தொக்கணமும் விதித்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். கடலைக் கடந்து மலையேறிய நம் முன்னோர் இம்மரபையும் உடன்கொண்டு வந்தனர். இம்மரபிலே ஓர் உண்மையும் உண்டு, ஒரு குறையும் உண்டு. நோயுற்ற உறுப்பைக் கைவிடலாகாது என்பது உண்மை. அவ்வுறுப்பை அசைப்பவன் பிறனாக இருக்க, நோயாளி வாளா கிடத்தல் குறை. இக்குறை நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று; மேலை நாட்டாரும் நெடுங்காலம் நீவுதலையும் ஓய்வையுமே நம்பியிருந்தனர்.

மலைநாட்டு மருத்துவச் சட்டங்கள்

இனி, நம் மலைநாட்டின் மருத்துவ வரலாற்றைச் சிறிது நோக்குவாம். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையினராய் மடிந்தனர். அதனால் எழுந்த கண்டனத்தின் பயனாக, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872 இல் இயற்றப்பட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு அப்போது ஐந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை மலையெங்கும் பரந்தது. 1912 இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளரிடைத் தோன்றும் நோய்கள் பற்றியும் மேலும் இரு சட்டங்கள் வந்தன. தோட்டந்தோறும் மருந்துச்சாலையும், தோட்டத்து மக்கள் 'டாக்டர் ஐயா' என்றழைக்கும் மருந்தாளரும் இவ்வழியே தோன்றிய அமைப்புகளாகும்.

இச்சட்டங்கள் பல உயிர்களைக் காத்தன என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆயின், அவற்றின் நோக்கு யாது என்பதையும் வரலாற்று மாணவன் ஆராய வேண்டும். அவை பேதி, அம்மை முதலிய தொற்றுநோய்களைக் கருதின. ஏனெனில் அவை உழைப்பாளர் தொகையைக் குறைத்தன. 1916 இல் அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியை நம் தோட்டங்களிலே தொடங்கியபோதும், சோகையுற்ற தொழிலாளியிடம் வேலை குறையும் என்ற வாதமே துரைமாரிடம் எடுத்துரைக்கப்பட்டது. ஒருவனை விரைவில் வேலைக்குத் திருப்பி அனுப்பும் மருத்துவத்துக்கு இடமிருந்தது; வேலைக்குத் திரும்ப இயலாதவனுக்கு இடமில்லை. பாரிசவாதத்தால் கை தளர்ந்தவர் அவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவர் லயத்துக் காம்பராவின் மூலையிலே, மகனும் மருமகளும் பிரட்டுக்குச் சென்ற பின்னர், தனித்துக் கிடந்தார். அவரைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசவில்லை.

கையும் மூளையும்

மலைநாட்டில் நிலை இவ்வாறிருக்க, மேலை நாட்டு ஆய்வுகூடங்களில் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. 1895 இல் மொட், செரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மாத்திரம் அறுத்தனர். இயக்க நரம்புகள் பழுதுறாதிருந்தும், குரங்கு அக்கையைப் பயன்படுத்தாது விட்டுவிட்டது. உணர்ச்சியின்றி இயக்கம் இல்லை என அவர்கள் முடிவு செய்தனர். 1917 இல் ஒக்டன், பிறான்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர் வேறொன்று கண்டனர். மூளையின் இயக்கப் பகுதியைப் பழுதாக்கிய குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, தளர்ந்த கையை வேலை செய்யத் தூண்டியபோது அக்கை வியத்தகு வகையில் தேறிற்று. அவ்வாறு செய்யப்படாதவை தேறவில்லை. பெரும் பொருள் பொதிந்த இம்முடிவு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இதனிடையே, கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் என்னும் அறுவை மருத்துவர், மூளையின் மேற்பரப்பிலே எந்த இடம் எந்த உறுப்பை இயக்குகின்றது என்பதை அளந்து 1937 இல் வெளியிட்டார். அவ்வரைபடத்திலே நடுவுடல் முழுவதற்கும் உரிய இடத்தினும் கைவிரல்களுக்கும் முகத்துக்கும் உரிய இடம் மிகப் பெரிதாயிருந்தது. இதனால், பாரிசவாதம் கண்டவர் நடக்கத் தொடங்கிய பின்னரும் கை மாத்திரம் பின்தங்குதல் ஏன் என்பது ஓரளவு விளங்கும். நுண்ணிய தொழிலுக்கு மூளையின் பெரும் பரப்பு வேண்டப்படுகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாய் வளர்ந்தது. அமெரிக்க மருத்துவர் துவிச்செல் 121 நோயாளரை உற்றுநோக்கி, தளர்ந்த கை எவ்வொழுங்கில் தேறுகின்றது என்பதை 1951 இல் எழுதினார். முதலில் தொய்வு, பின்னர் விறைப்பு, அதன்பின் தோளும் முழங்கையும் ஒருங்கே மடங்கும் இயக்கம், இறுதியில் விரல்களின் தனியியக்கம் என அது படிப்படியாய் நிகழும். சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம் அப்படிகளையே ஏணியாகக் கொண்டு பயிற்சி வகுத்தார். நாசிகளுக்குத் தப்பி யேர்மனியிலிருந்து இலண்டன் சேர்ந்த பேட்டா போபாத், மருத்துவரான தம் கணவர் கார்லின் துணையுடன், விறைப்பைத் தணித்து இயல்பான அசைவை வருவிக்கும் முறையைக் கண்டார். இருவர் நூல்களும் 1970 இல் வெளிவந்தன. முறையால் இருவரும் மாறுபட்டனராயினும், நோயாளியின் கையை நோயாளியே இயக்கக் கற்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். நீவுதலிலிருந்து கற்பித்தலுக்கு மருத்துவம் திரும்பிய இடம் இதுவே.

கற்ற பயனின்மை

இவ்வரலாற்றின் திருப்புமுனை எட்வேட் டவுப் என்னும் அமெரிக்க உளவியலாளரின் ஆய்வாகும். செரிங்டன் செய்த அதே சோதனையை அவர் 1950 களின் இறுதியிலிருந்து மீண்டும் செய்தார். குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்ததும், உணர்ச்சியற்ற கையை அது பயன்படுத்தக் கண்டார். ஆகவே, அக்கை இயங்காதிருந்தது இயலாமையால் மட்டுமன்று. தொடக்கத்தில் முயன்று தோற்றமையாலும், நல்ல கையால் வேலை முடிந்துவிட்டமையாலும், தளர்ந்த கையைப் பயன்படுத்தாமையைக் குரங்கு கற்றுக்கொண்டது. இதனை அவர் 'கற்ற பயனின்மை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவருடைய ஆய்வுகூடக் குரங்குகளின் நிலை பற்றி 1981 இல் பெரும் வழக்கு எழுந்தது. விலங்குகளை வருத்திப் பெறும் அறிவைப் பற்றிய அவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும், பெற்ற அறிவு மனிதர்க்குப் பயன்பட்டது. நல்ல கைக்கு உறையிட்டுத் தளர்ந்த கைக்கு இடைவிடாது பயிற்சியளிக்கும் முறையை அவர் நோயாளரிடத்துச் செயற்படுத்தினார். 2006 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் பங்குகொண்டனர். இரு வாரகாலம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியிலும் நல்ல கைக்கு உறையிட்டுப் பயின்றோரின் கை, வழமையான சிகிச்சை பெற்றோர் கையினும் சிறந்தது; அப்பயன் ஓராண்டின் பின்னரும் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் விரிக்கக் கூடியவர்க்கே இம்முறை பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது.

பயிற்சியால் மூளையே மாறுகின்றது என்பதை றன்டொல்ப் நூடோ முதலியோர் 1996 இல் குரங்குகளிடத்து நிறுவினர். பயிற்சி பெற்ற குரங்குகளில், பழுதுற்ற இடத்தை அடுத்திருந்த பகுதி கைக்குரிய வேலையை மேற்கொண்டது.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவர்க்கும் இடமுண்டு. தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற விளையனூர் இராமச்சந்திரன், கையிழந்தோர் இல்லாத கையிலே உணரும் வலியைத் தணிக்கச் சாதாரண முகக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். நல்ல கையின் சாயல் தளர்ந்த கையின் இடத்திலே தோன்றுமாறு கண்ணாடியை நிறுத்தி, இரு கைகளையும் ஒருங்கே அசைக்கச் செய்யும் முறையை, அவரும் உடனாய்வாளரும் ஒன்பது பாரிசவாத நோயாளரிடம் சோதித்து 1999 இல் வெளியிட்டனர். ஒன்பதின்மர் என்பது சிறு தொகையே. எனினும், பின்வந்த ஆய்வுகளின் தொகுப்புகளும் இது பயனுடையது என்றே கூறின. விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாத முறை இது என்பதே நமக்கு முதன்மையானது.

ஆய்வு எப்போதும் நம் விருப்பத்தை உறுதிசெய்வதன்று. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடத்தினால் நலம் விளையும் எனப் பலர் கருதினர். 2104 பேரிடம் நடந்து 2015 இல் வெளிவந்த ஆய்வு, அத்தகைய மிகைவிரைவு தீமை பயத்தலைக் காட்டியது. பிரித்தானியாவில் 770 பேரிடம் நடந்து 2019 இல் வெளிவந்த ஆய்வில், இயந்திரக் கருவியாற் பயின்றோரின் கை, வழமையான சிகிச்சை பெற்றோர் கையினும் மேம்படவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்து 2017 இல் வெளிவந்த ஆய்வு நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. வீட்டாருக்குப் பயிற்சி முறையைக் கற்பித்து அனுப்புதல் ஒன்றினாலேயே நோயாளியின் நிலை சிறக்கவில்லை என அது காட்டிற்று. வீட்டாரின் அன்பு வேண்டற்பாலதே. ஆயின், அது பயிற்சி பெற்ற இயன்மருத்துவருக்கு ஈடாகாது என்பதே யான் இதனின்று கொள்ளும் பாடம்.

ஒரு கையின் கதை

ஏட்டறிவை விடுத்து, யான் கண்ணாற் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறுதல் மிகையாகாது எனக் கருதுகின்றேன். என் தாயார் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் விடியற்காலை, பிரட்டுக்குப் புறப்படும் வேளையிலே, அவருடைய வலக் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. வாகனம் வேறின்மையாற் கொழுந்து லொறியிலே ஏற்றிச் சென்றோம். சில நாட்களின் பின்னர் மாத்திரைகளோடும், அவரால் வாசிக்க இயலாத மொழியில் அச்சிட்ட பயிற்சித் தாளொன்றோடும் வீடு திரும்பினார். அயலார் கூறியபடி அக்கையைப் பழஞ்சேலையால் மார்போடு கட்டினோம். தைலமிட்டுத் தோளை வலிந்து இழுத்தோம். தோள் வீங்கி வலித்தது. உணவை ஊட்டினோம், தலையை வாரினோம், கோப்பையை வாயருகே பிடித்தோம். அன்பு என எண்ணி யாம் செய்த ஒவ்வொன்றும் அக்கையின் மறதிக்கு உரமாயிற்று என்பதை அன்று அறிந்திலேம்.

மூன்று மாதங் கழித்து, தமிழறிந்த இளம் இயன்மருத்துவர் ஒருவரைக் காண நேர்ந்தது. அவர் முதலிற் கட்டை அவிழ்த்தார். கையைப் பிடித்து இழுக்கலாகாது எனவும், தோளைத் தாங்கியே அசைக்க வேண்டும் எனவும் காட்டினார். அதன்பின் என் தாயாரை நோக்கி, வீட்டில் நாடோறும் என்னென்ன வேலை செய்வீர்கள் அம்மா என வினவினார். ரொட்டிக்கு மாப் பிசைதல், பருப்பிற் கல் பொறுக்குதல், துணி மடித்தல் என அவர் கூறியவற்றையே பயிற்சியாக விதித்து, ஒவ்வொன்றையும் நாளுக்குப் பன்முறை செய்யச் சொன்னார். சில கிழமைக்கு ஒருமுறை பார்த்து, பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கடினமாக்கினார். ஓராண்டு கழிந்தது. கொழுந்து பறிக்கும் கை திரும்பவில்லை. தலை வாரும் கை திரும்பிற்று. பேரனுக்குச் சோறூட்டிய நாளில் என் தாயார் அழுததை யான் மறவேன். முதல் மூன்று மாதமே கை தேறுதற்குரிய வளமான காலம் என்பதைப் பிற்காலத்தில் நூல்களில் வாசித்தபோது என் நெஞ்சு கனத்தது. அக்காலத்தை யாம் கட்டிவைத்துக் கழித்தோம்.

இன்றைய நிலை

1975 இல் தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990 களிலிருந்து தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2017 மே 12 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய '1990' நோயாளர் வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. கண்டிக்கு அண்மையில் திகனையிலே மறுவாழ்வு மருத்துவமனையொன்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகின்றது. ஆகவே, நூறாண்டுக்கு முந்திய நிலையினின்றும் நாம் வெகுதூரம் வந்துள்ளோம்.

எனினும் மூன்று தடைகள் உள. முதலாவது தூரம். பயிற்சி என்பது ஒரு நாளில் முடிவதன்று. மலையுச்சி லயத்திலிருந்து கால் தளர்ந்த ஒருவரைக் கிழமைதோறும் நகருக்கு அழைத்துவருவதாயின், உடன்வருபவரும் ஒரு பேரை இழக்கின்றார். இரண்டாவது, தொழிலின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு வழங்கச் சட்டம் 1934 முதலே உண்டு. லயத்திலே வந்த பாரிசவாதத்துக்கு அது துணையாகாது. மூன்றாவது மொழி. மாத்திரைக்கு மொழி வேண்டாம். பயிற்சியோ கற்பித்தலாதலின் மொழியின்றி நிகழாது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அவ்வாறிருந்தும், மலைநாட்டுத் தாய் ஒருத்திக்குத் தன் கையை அசைப்பது எப்படி எனத் தமிழில் எழுதிய ஒரு தாள் கிட்டாது போகுமாயின், அக்குறை நம்முடையதே.

முடிவுரை

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. பாரிசவாதத்தால் தளர்ந்த கையின் வரலாறு அந்நான்கனுள் நோயுற்றவனுக்குரிய பங்கை நமக்கு மீண்டும் உணர்த்துகின்றது. வேலை கொடுக்கப்படாத கை தன் தொழிலை மறக்கின்றது. வேலை கொடுக்கப்பட்ட கை, முழுதுமன்றாயினும், நினைவுகூர்கின்றது. தோட்ட மருத்துவம் தொடங்கிய காலத்தில், உழைக்கும் கையை மாத்திரம் எண்ணிற் சேர்த்தனர். தளர்ந்த கையையும் எண்ணிற் சேர்க்கும் சமுதாயத்தையே நாம் வேண்டி நிற்கின்றோம்.

இதனை வாசிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். உங்களுள் உயிரியல் பயில்வோர் பலர் மருத்துவராதலையே கனவு காண்கின்றீர்கள். இயன்மருத்துவமும் தொழில்வழி மருத்துவமும் அதனிற் குறைந்தனவல்ல. மலைநாட்டுப் பிள்ளைகள் அத்துறைகளிற் பயின்று தம் தோட்டங்களுக்குத் திரும்புவாராயின், யான் மேற்கூறிய மூன்று தடைகளுள் தூரமும் மொழியும் தளரும். பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர் துணையோடு எளிய தமிழில் படங்களுடன் கூடிய சிறு பயிற்சி நூலொன்றைத் தொகுத்து லயந்தோறும் சேர்ப்பராயின், அது இக்கல்லூரி செய்யக்கூடிய நற்பணிகளுள் ஒன்றாகும். மற்றெல்லோரும் வீட்டில் ஒன்றை நினைவிற் கொள்க. முகம் கோணி, பேச்சுக் குழறி, ஒரு கை தாழ்ந்தால் தாமதியாது 1990 ஐ அழையுங்கள். உயிர் தப்பி வீடு வந்தவரின் கையைக் கட்டிவைக்காதீர்கள். இயன்மருத்துவரை நாடி, அவர் சொற்படி அக்கைக்கு ஏற்றதொரு வேலையைக் கொடுங்கள்.